கால் படாத இடம்

சிறுசு எதைத் தின்றாலும் என் மகளும் அதைத் தின்பாள். என் பிரச்சினை இதுதான். மற்றவை எல்லாம் இதிலிருந்து கிளைத்தவை.

சிறுசு என்பது ஆமை. பெருசு என்பதும் ஆமை. மகளுக்கு அப்போது இரண்டரை வயது. பெயர் வைத்தது அவள்தான். நான் கீரையைப் போட்டதும் ஆமைகளின் அடைப்புச் சுவர்மேல் ஏறி உட்கார்ந்துகொள்வாள். சிறுசு ஒரு வாய் கடிக்கும். இவள் கீழே குனிந்து அதே கீரைக்கட்டிலிருந்து ஓர் இலையைக் கிள்ளித் தன் வாயில் போட்டுக்கொள்வாள். அதே கீரையைப் பருப்போடு கடைந்து சோற்றில் பிசைந்து கொடுத்தால் துப்பிவிடுவாள். ஆமை சாப்பிட்டுக் காட்டிய இலைக்குத்தான் அவளிடம் மரியாதை.

ஆமைகள் என் கொழுந்தனாருடையவை. சென்னையில் ஒரு ஃபிளாட்டில் வைத்து வளர்த்துக்கொண்டிருந்தார். வடக்கே மாற்றல் ஆனதும், வெங்காயக் கூடையில் வைக்கோலைப் பரப்பி, இரண்டையும் அதில் வைத்துக் காரில் கொண்டுவந்து எங்கள் வீட்டில் இறக்கினார். நம் பக்கத்துக் கரம்புக் காடுகளில் கிடைக்கும் கட்டம்போட்ட நட்சத்திர ஆமையை வீட்டில் வைத்தால் குற்றம். இவை அந்த இனம் இல்லை, ஆப்பிரிக்கப் பக்கத்து ஆமைகள். அரசிடம் முறையாகப் பதிந்த தாளையும் கையோடு கொடுத்திருந்தார். அந்தத் தாளை நான் எத்தனையோ முறை எடுத்துப் படித்திருக்கிறேன். படித்தால் பயம் போகும் என்று நினைப்பேன். போகாது.

எதிர்வீட்டு அக்கா அன்றே வந்து பார்த்துவிட்டுக் கன்னத்தில் கைவைத்தார்.

"இன்னா பெரிம்மா, ஆமை பூந்த வூடு உருப்படாதும்பாங்க. நீங்க பாட்டுக்கு வெச்சிக்கினு கீறீங்க?"

என் மாமியார் பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைப்பவர். பெரிய அண்டாவைக் கிண்டிய கையும் வாயும். "பூந்தாதானேடி அதெல்லாம்? இது எங்க பூந்துச்சி? கார்ல வச்சிக் கொண்டாந்து எறக்கனாங்க. பெருமாளே ஒரு தபா ஆமையா வந்தவரு, வா வான்னு வச்சிக்கிட்டேன்" என்றார்.

அத்தை அப்படிச் சொன்னதில் எனக்குப் பாதி நிம்மதி. மீதிப் பாதி, இவற்றுக்கு என்ன போடுவது என்பது.

முதலில் தக்காளி, வெள்ளரிக்காய், பள்ளியில் கழித்த முட்டைக்கோஸ் மேலிலை என்று போட்டோம். ஆசையாகத் தின்றன. கொஞ்ச நாளில் பெருசுக்கு வயிறு இளகிப்போனது. கொழுந்தனாருக்குப் போன் செய்தேன்.

"அண்ணி, காய்லாம் எப்பனா ஒரு வாட்டிதான். புல்லுதான் மெயினு. அதுகூட காட்டு எலைங்க போடுங்க."

"எந்த எலை?"

"சேஃபா கீற எலை."

"எது சேஃப்?"

"அது... நெட்ல போட்டு கீது அண்ணி. ஒன்னும் பேஜாரே இல்ல."

நெட்டில் போட்டிருந்தது உண்மைதான். ஆனால் அதில் வந்த செடிகள் எல்லாம் பனி பெய்கிற ஊர்களின் செடிகள். எங்கள் உத்திரமேரூர் ஏரிக்கரையில் அவற்றில் ஒன்றுகூட முளைப்பதில்லை. நம் ஊர்ச் செடிகளுக்கு யாரும் பட்டியல் போட்டிருக்கவில்லை. கண்ணுக்கு எட்டியவரை பச்சையாக இருக்கிறது, எதைப் பறிப்பது என்று தெரியவில்லை. நான் பட்டப்படிப்பில் வேதியியல் எடுத்தவள். உப்பைப் பார்த்துப் பெயர் சொல்லச் சொன்னால் ஒருவேளை சொல்லிவிடுவேன். வாய்க்கால் ஓரத்துப் புல்பூண்டைப் பார்த்துச் சொல்லத் தெரியாது.

என் கணவருக்கு இது ஒரு விஷயமாகவே படவில்லை. "ஆடு தின்னா ஆமையும் தின்னும். இதுக்கு இன்னா இவ்ளோ யோசன?"

சரி என்று இரண்டு மூன்று நாள் சாயங்காலம் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு, தெருவில் வருகிற ஆடுகளின் பின்னாலேயே போனேன். கோவைக் கொடியைத் தின்றன. வேலிக்கருவேலங் காயைத் தின்றன. பஸ் நிறுத்தத்துச் சுவரில் ஒட்டியிருந்த கண்ணீர் அஞ்சலி போஸ்டரைப் பசையோடு உரித்துத் தின்றன.

வந்து சொன்னேன். "அப்ப அதயும் போடு. ஆனா யாரு செத்தாங்கன்னு பாத்துட்டுப் போடு, சொந்தக்காரனா இருக்கப் போறான்" என்றார் கணவர்.

அடுத்ததாக, மனிதர்கள் தின்னும் கீரை ஆபத்தில்லை என்று நினைத்தேன். பசலை, பருப்புக்கீரை என்று போட்டேன். தேடிப் படித்தபோது, அவற்றை எப்போதாவது போடலாம், நிறையப் போட்டால் ஆமையின் ஓட்டுக்குப் போகவேண்டிய சுண்ணாம்புச் சத்தை அவை மறித்துவிடும் என்று இருந்தது. ஆக, ஆட்டின் கணக்கும் ஆமைக்கு ஒத்துவரவில்லை, ஆளின் கணக்கும் ஒத்துவரவில்லை. பயத்தை மீறி அந்த இடத்தில் எனக்கு ஓர் ஆர்வம் தொற்றிக்கொண்டது. அந்த ஓட்டுக்குள் என்னதான் கணக்கு ஓடுகிறது?

எனக்கென்று ஒரு முறை வைத்துக்கொண்டேன். இலையைக் கிள்ளினால் பால் வடிகிறதா? வடிந்தால் வேண்டாம். அந்த இடத்தில் மருந்து அடித்திருக்கிறார்களா? அடித்திருந்தால் வேண்டாம். கடைசிக் கேள்விதான் எனக்கு முக்கியம்: இது என் மகள் வாய்க்குள் போனால் என்ன ஆகும்? பதில் தெரியாத இலை வீட்டுக்குள் வராது. கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு விதிக்கும் எதிரில் ஒரு செடி வந்து நின்றது. அம்மான் பச்சரிசியைக் கிள்ளினால் பால் வரும். எங்கள் அம்மா வீட்டில் அதைக் கூட்டு வைப்பார்கள். குப்பைமேனியில் பால் வராது. ஆனால் அது வேண்டாம் என்று ஒரு இடத்திலும் பரவாயில்லை என்று இன்னொரு இடத்திலும் போட்டிருந்தது. இரண்டு பேர் சண்டை போடுகிற இலை எனக்கு வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

செடியைப் படம் எடுத்தால் பெயர் சொல்லும் ஆப் ஒன்றைப் போனில் ஏற்றினேன். காற்று அடித்தால் அது வேறு பெயர் சொல்லும். ஒரே செடிக்கு மூன்று பெயர் வாங்கிக்கொண்டு, நாலாவது பெயருக்காகத் தண்டைப் பிடித்துக்கொண்டு குனிந்திருந்தபோது, எங்கள் வேர்க்கடலை நிலத்தில் களை எடுத்துக்கொண்டிருந்த பெண் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தாள்.

"இன்னாமா அது, களைய போட்டோ புடிச்சிக்கினு கீற? கல்யாணத்துக்கு அனுப்பறியா?"

"ஆமைக்கு. எது நல்லதுன்னு பாக்கறேன்."

"கட்டிக்கினு வந்த புதுசுல மாட்டுக்குப் புல்லறுக்கத் தெரியாதுன்னியாம். இப்ப ஆமைக்கு அறுக்கறியா? குடுத்து வச்ச ஆமைடி அது." பக்கத்து வரிசையில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே, "இந்த வரப்புல மருந்து அடிச்சிருக்காங்களா?" என்று கேட்டேன்.

"வரப்புல அடிக்காம? போன வாரந்தான் அடிச்சிது உன் வூட்டுக்காரரு."

பறித்த எல்லாவற்றையும் அங்கேயே கொட்டினேன். அதன்பிறகு ஏரிக்கரைதான். கரைமேல் யாரும் மருந்து அடிப்பதில்லை. அங்கே அருகம்புல் உண்டு, கானாவாழை உண்டு, மஞ்சள் மூக்குத்திபோலப் பூக்கிற வெட்டுக்காயப் பூண்டு உண்டு. வீட்டில் செம்பருத்தி இருந்தது, இலையும் பூவும். பூசணிக்கொடியில் ஆண்பூக்கள் இருந்தன. இந்த ஐந்தும் என் தேர்வில் தேறின. கீரை அலசுவதுபோல் மஞ்சளும் உப்பும் போட்ட தண்ணீரில் அலசினேன். பிறகு ஆமைக்கு உப்பு ஆகுமா என்ற யோசனை வந்து, நல்ல தண்ணீரில் மறுபடி அலசினேன். "நீ அலசற அலசுல அந்தப் புல்லு பச்சயாவே இருக்க மாட்டேங்குதே" என்றார் அத்தை.

தின்பதைப் பார்த்துக்கொண்டிருப்பது சலிக்கவில்லை. ஆமைக்குப் பல் கிடையாது. கிளிக்கு இருப்பதுபோல் ஓர் அலகு. கடித்துப் பிடித்துக்கொண்டு, முன்னங்காலை இலைமேல் ஊன்றித் தலையைப் பின்னால் இழுக்கும். இலை பிய்ந்து வரும். பெருசு பொறுமைசாலி, புல்லை ஒரு பக்கத்திலிருந்து மேய்ந்துகொண்டே போகும். சிறுசுக்கு நிறத்தின் மேல்தான் கண். மஞ்சளும் சிவப்பும் எங்கே தெரிந்தாலும் ஓடும். ஆமை ஓடும் என்று சொன்னால் நம்பமாட்டார்கள், ஓடும். ஆடியில் மகளுக்கு மருதாணி வைத்திருந்தேன். சுவரில் உட்கார்ந்து காலை உள்பக்கம் தொங்கவிட்டிருந்தவளின் கட்டைவிரலைச் செம்பருத்தி என்று நினைத்துக் கவ்விவிட்டது. அவள் அழுததைவிட, "பாப்பா பூவா?" என்று அன்று முழுவதும் கேட்டுக்கொண்டிருந்ததுதான் அதிகம்.

அடைப்பு வீட்டுக்குப் பின்னால் இருந்தது. ஹாலோ பிளாக் கல்லை இரண்டு வரிசை அடுக்கி, பாதிக்குத் தகரம் போட்டது. ஒருநாள் கணவர் கழனியில் களைக்கொல்லி அடித்துவிட்டு வந்த காலோடு, தகரம் சரிந்திருக்கிறது என்று நேராக உள்ளே இறங்கிவிட்டார். நான் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டு அக்கா எட்டிப் பார்த்தார். அன்றிலிருந்து வீட்டில் ஒரு சட்டம். அடைப்புக்குள் யார் காலும் படக்கூடாது. நானே வெளியில் நின்று குனிந்துதான் இலை போடுவேன், கரண்டியால் கழிவை அள்ளுவேன். அத்தை முணுமுணுத்தாலும் கடைப்பிடித்தார். "பூஜ ரூம்ப கூட இப்டி வச்சிக்கல நீ."

பிள்ளையார் சதுர்த்தி வந்தது. கடைத்தெருவிலிருந்து காகிதக் குடையோடு களிமண் பிள்ளையார் வாங்கி வந்தோம். கழுத்துக்கு எருக்கம்பூ மாலை, தலைக்கு அருகம்புல். மற்ற பூவெல்லாம் எங்கள் வாசல் கேட்டோரம் நிற்கும் செவ்வரளி. அது என் ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்த செடி. வருடம் பூராவும் பூக்கும். தினமும் விடிந்ததும் அத்தை ஒரு கிண்ணம் நிறையப் பறிப்பார். மூன்றாம் நாள் காலை பிள்ளையாரை ஏரிக்குக் கொண்டுபோக எடுத்தார்கள். பூவையெல்லாம் களைந்து தாம்பாளத்தில் வைத்து, அத்தை என் கணவரிடம் கொடுத்தார். "கால் படாத எடமா பாத்துக் கொட்டுடா." சாமிக்குச் சாத்திய பூவை மிதித்துவிடக்கூடாது. எல்லா வீட்டிலும் இருக்கிற வழக்கம்தான். நான் அடுப்படியில் இருந்தேன். அத்தை சொன்னது காதில் விழுந்தது. ஒன்றும் தோன்றவில்லை.

இட்லித் தட்டை இறக்கிவிட்டு மகளைத் தேடிப் பின்பக்கம் போனேன். வழக்கம்போல் சுவர்மேல் இருந்தாள். கையில் ஒரு செவ்வரளிப் பூ, பாதிதான் இருந்தது. கீழே சிறுசு கழுத்தை நீட்டி மீதிப் பாதிக்காக நின்றுகொண்டிருந்தது. அடைப்பு முழுவதும் பூ. நடுவில் எருக்கம் மாலை, மேலே சிவப்புச் சிவப்பாக அரளி.

அரளி விதை என்றால் என்னவென்று எங்கள் பக்கத்தில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. அந்தப் பேச்சை எடுத்தாலே குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். செவ்வரளி வேறு, விதைக்குப் பேர்போன மஞ்சள் அரளி வேறு. ஆனால் இதிலும் பூ, இலை, தண்டு எல்லாவற்றிலும் நஞ்சு உண்டு என்று நான் படித்திருந்தேன். வேண்டாத செடிகளைத் தேடும்போது அந்தப் பெயர் எத்தனையோ முறை கண்ணில் பட்டது. ஒருமுறைகூட நான் தலையைத் தூக்கி வாசலைப் பார்க்கவில்லை.

பூவைப் பிடுங்கிப் போட்டு, அவள் வாயைத் திறந்து விரலை விட்டுப் பார்த்தேன். எதுவும் இல்லை. விழுங்கியிருந்தால் வாயில் எப்படி இருக்கும்?

"பாப்பா, நீ பூ சாப்ட்டியா?"

"ம்."

"சாப்பிடலதானே?"

"ம்."

"யாரு சாப்ட்டா?"

"பாப்பா."

"ஆமை?"

"ஆமை."

சத்தம் கேட்டு அத்தை ஓடி வந்தார். விஷயத்தைச் சொன்னேன். அவர் முகம் மாறியது. ஆனாலும் வாய் மாறவில்லை. "அவளாண்ட போயி கேக்குற பாரு. ஆனைய முழுங்கினியான்னு கேளு, அதுக்கும் உம்-னுவா."

"பாப்பா, நீ யானை சாப்ட்டியா?" என்று கேட்டேன். உண்மையிலேயே கேட்டேன்.

"ம்" என்றாள்.

அது எனக்கு ஆறுதலாக இல்லை. அவள் கைகளை அத்தை சோப்புப் போட்டுக் கழுவினார். அடைப்பிலிருந்து கடிபட்ட பூக்களை மட்டும் பொறுக்கி ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டுக்கொண்டேன். மகளை நடுவில் வைத்துக்கொண்டு, பைக்கில் ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

டாக்டர் என்னைவிடச் சின்னவராக இருந்திருப்பார். "என்ன சாப்பிட்டா?" என்றார்.

"அரளிப் பூ. சாப்பிட்டாளான்னு தெரியல. ஆமை சாப்பிட்டிருக்கலாம். அவளும் சாப்பிட்டிருக்கலாம்."

"ஆமை?"

சொன்னேன். கவரைப் பிரித்துப் பூக்களை மேசைத் தாளில் பரப்பினேன். அவர் சிரிக்கவில்லை. நாற்காலியை முன்னால் இழுத்துப்போட்டுக்கொண்டு பார்த்தார். ஒவ்வொரு பூவிலும் இதழ் கத்தரிக்கோலால் நறுக்கியதுபோல் ஒரு பக்கம் போயிருந்தது. "ஆமையோட கடி எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாது. குழந்தைங்க கடிச்சா எச்சில்ல ஊறி நசுங்கியிருக்கும், பல்லுத் தடம் வரிசையா இருக்கும். இதுல அது இல்ல" என்றார். பூக்களை மறுபடி கவரில் போட ஆரம்பித்தேன். உடனே அவர், "ஆனா இது கடிச்சு மிச்சம் விட்ட பூ. முழுசா ஒன்னு முழுங்கியிருந்தா இதுல இருக்காது இல்லையா? சாயங்காலம் வரைக்கும் இங்கயே இருக்கட்டும்" என்றார். என்னைப் போலவே யோசிக்கிற ஒருவரை நான் வெளியில் முதன்முறையாகப் பார்த்தேன்.

நாடி பார்த்தார்கள், நெஞ்சில் வயர் ஒட்டிப் பார்த்தார்கள், கொஞ்ச நேரம் கழித்து மறுபடி பார்த்தார்கள். மகள் நர்ஸம்மாவின் பேனாவை வாங்கிக்கொண்டு தன் தொடையில் ஆமை வரைந்தாள். பன்னும் பாலும் கேட்டாள். வாந்தி எடுக்கவில்லை, சோர்ந்து படுக்கவில்லை.

தாழ்வாரத்துப் பெஞ்சில் கணவர் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். பிறகு சொன்னார்: "கால் படாத எடம்னுச்சி அம்மா. நானும் சுத்திச் சுத்திப் பாத்தேன். கெணத்தாண்ட போட்டா நாம நடக்கறோம். மாட்டாண்ட போட்டா மாடு மிதிக்குது. வேலி ஓரம் கோழி கெளறுது. நம்ம வூட்லயே கால் படாத எடம் அது ஒன்னுதான் கீது. நீதான ஆக்கி வச்ச?"

குற்றம்சாட்டும் குரல் இல்லை. யோசித்துத் தேடிக் கண்டுபிடித்ததை விளக்குகிற குரல். அவர் சொன்னது சரியாகத்தான் இருந்தது. ஆமைக்காக நான் காத்த சுத்தம், சாமிப் பூவுக்கும் அளவெடுத்ததுபோல் பொருந்திவிட்டது.

வெயில் தாழ்ந்ததும் அனுப்பிவிட்டார்கள். "ஒன்னும் இல்லம்மா. நல்லா இருக்கா" என்றார் டாக்டர். கிளம்பும்போது, "ஆமை எப்படி இருக்குன்னு அடுத்த வாட்டி ஊசிக்கு வரும்போது சொல்லுங்க" என்றும் சொன்னார்.

ஆமை நன்றாக இல்லை. நாங்கள் வருவதற்குள் அத்தை பூ முழுவதையும் எடுத்து, மேல்மண்ணையும் வழித்து அள்ளிவிட்டிருந்தார். பெருசு ஒன்றும் நடக்காததுபோல் புல் மேய்ந்துகொண்டிருந்தது. சிறுசு தகரத்துக்கு அடியில் தலையையும் காலையும் உள்ளே இழுத்துக்கொண்டு கல்போல் கிடந்தது. மாட்டு டாக்டருக்குப் போன் போட்டார் கணவர். ஸ்பீக்கரில் கேட்டேன். "மாடு அரளி தின்னா நான் வந்துருவேன்பா. ஆமைக்கு இதுவரைக்கும் யாரும் என்னைக் கூப்பிட்டதில்ல. தெரியாம மருந்து குடுத்தா தப்பாயிடும். வெதுவெதுன்னு தண்ணில கொஞ்ச நேரம் வை, மூக்கு முழுகாம பாத்துக்கோ. மெட்ராஸ்ல தெரிஞ்சவங்க இருக்காங்க, கேட்டுச் சொல்றேன்." கேட்டும் சொன்னார். அவர்கள் சொன்னதும் ஏறக்குறைய அதேதான். தண்ணீர், நிழல், பொறுமை. மோசமானால் கொண்டு வாருங்கள் என்றார்கள்.

தினமும் அகலத் தட்டில் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி அதை உட்கார வைத்தேன். ஒருநாளும் வாயைத் திறக்கவில்லை. செம்பருத்தியைக் காட்டினேன், பூசணிப் பூவைக் காட்டினேன். சிவப்புக்கும் மஞ்சளுக்கும் ஓடிய ஆமை, கண்ணைப் பாதி திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டது. எத்தனை பூவை அது விழுங்கியது என்று யாருக்கும் தெரியாது. மகள் சுவர்மேல் உட்கார்ந்து, "சிறுசு, வா. சிறுசு, தூங்காத" என்று கூப்பிட்டுக்கொண்டிருப்பாள். சிறுசு தின்னாததால் அவளும் எந்த இலையையும் தொடவில்லை.

கணவர் ஒருநாள் சோறு உண்டுகொண்டே சொன்னார்: "தம்பியாண்ட பேசட்டா? செங்கல்பட்டுல அவன் ஃபிரண்டு வச்சிக்கிறேன்றான். ரெண்டையும் குடுத்துடலாம். பாப்பாவுக்கு இன்னொரு தபா இப்டி ஆனா இன்னா பண்ணுவ?"

சரி என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். நான்தானே அதிகமாகப் பயந்தவள்? அதற்குள் அத்தை குறுக்கே வந்தார்.

"ஆமைய குடுத்துட்டா? அரளி எங்க போவும்? அது கேட்டாண்டதான நிக்கும்?" என்றவர், என் பக்கம் திரும்பினார். "ஏரிக்கரையில கீற புல்ல அலசி அலசிப் போட்டியே, வாசல்ல கீறத ஒரு தபா பாத்தியா நீ? நானுந்தான் பாக்கல. நெதமும் பறிச்சிக்கினே இருந்தேன், பாக்கல. இந்த ஆமை வந்து படுத்துக்கினதாலதான் ரெண்டு பேருக்கும் தெரிஞ்சிது. அது இல்லன்னா பாப்பா வாயில போயிருக்கும்."

ஆஸ்பத்திரிப் பெஞ்சில் எனக்குத் தோன்றாதது இது. ஆமைகள் வருவதற்கு முன்பே என் மகள் அந்தச் செடிக்கு அடியில் உதிர்ந்த பூவைப் பொறுக்கி விளையாடியிருக்கிறாள். போனில் அந்தப் படங்கள்கூட இருக்கின்றன. அழகாக இருக்கிறதென்று என் அம்மாவுக்கு அனுப்பியிருக்கிறேன். ஏரிக்கரையில் முளைத்ததெல்லாம் எனக்குச் செடியாகத் தெரிந்தது, சந்தேகப்பட்டேன். வாசலில் இருந்தது எனக்குச் செடியே இல்லை, பூ.

"வெட்டிடலாமா அத்தே?" என்று கேட்டேன்.

"பூக்கற செடிய எப்டி வெட்டறது?" என்றார். தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்தபின் மறுபடி சொன்னார்: "வெட்டினா அந்தக் கட்டய எங்க போடுவ? மாடு தின்னும். அடுப்புல வைக்கவும் ஆவாது, அந்தப் புக ஆளுக்கு ஆவாதுன்னு போன்ல சொல்றாங்க. நின்ன எடத்துலயே நிக்கட்டும். வேலி போடு."

கணவர் வேலிக்கருவேல முள்ளை வெட்டி வந்து, செடியைச் சுற்றி இடுப்பளவுக்கு நெருக்கமாக அடைத்தார். முள்ளுக்கு வெளியே ஒரு எட்டுத் தள்ளிக் கம்பிவலையும் கட்டினார். உதிர்வது உள்ளேயே உதிரும். சாமிக்குச் சாத்திய பூவையும் அத்தை இப்போது அந்த முள்ளுக்குள்தான் கொட்டுகிறார். அங்கே உண்மையாகவே யார் காலும் படாது. எதிர்வீட்டு அக்கா மட்டும், "இன்னா, அரளிக்கு ஜெயிலா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

செங்கல்பட்டுப் பேச்சு அத்தோடு நின்றது. நின்றதா, தள்ளிப்போனதா என்று எனக்குத் தெரியவில்லை. சிறுசு பிழைத்தால் பார்த்துக்கொள்ளலாம் என்பதுதான் எல்லோருடைய மனதிலும் இருந்திருக்கும்.

ஒருநாள் மழை விட்டிருந்த காலையில், தண்ணீர்த் தட்டோடு பின்பக்கம் போனேன். தகரத்துக்கு அடியில் சிறுசு இல்லை. பதறிப்போய்ச் சுற்றிப் பார்த்தேன். மேல்மண்ணை வழித்த இடத்தில், மழைக்குப் புதிதாகச் செடிகள் முளைத்திருந்தன. அந்த மூலையில் நின்றுகொண்டிருந்தது. ஒரு காலை ஊன்றித் தலையைப் பின்னால் இழுத்தது. எதையோ தின்றுகொண்டிருந்தது.

முதலில் வந்தது சந்தோஷம். அடுத்த கணமே, என்ன இலை அது? செம்பருத்தி இல்லை, புல் இல்லை. என் ஐந்தில் ஒன்றும் இல்லை. சின்ன வட்ட இலை, சிவந்த தண்டு. சாரணையாக இருக்கலாம், மூக்கிரட்டையாக இருக்கலாம், இரண்டும் இல்லாமலும் இருக்கலாம். குனிந்து சிறுசை இரண்டு கையாலும் தூக்கினேன். அந்தரத்தில் நான்கு காலும் நடந்தன. வாயில் இருந்ததை மென்று விழுங்கிவிட்டு, கழுத்தை நீட்டி மறுபடி கீழே பார்த்தது. இத்தனை நாள் கல்லாகக் கிடந்தது இப்படி உதைக்கிறதே என்று எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. அதைப் பெருசு பக்கத்தில் அருகம்புல்லின் மேல் இறக்கினேன். முறைத்துக்கொண்டு நின்று, கடைசியில் ஒரு புல்லைக் கடித்தது.

மூலையில் முளைத்திருந்த செடிகளை ஒன்று விடாமல் வேரோடு பிடுங்கினேன். அதற்குள் மகள் வந்து சுவர்மேல் ஏறியிருந்தாள். என் கையிலிருந்து ஒரு செடியை வாங்கிக்கொண்டாள். நான் தடுக்கக் கையை நீட்டினேன். அவள் அதை வாய்க்குக் கொண்டுபோகவில்லை. என் முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தாள்.

"அம்மா, இது ஆமைக்கா, பாப்பாக்கா?"

"தெரியலடா" என்றேன்.

"ஆயாக்கா?" என்று அத்தை இருந்த அடுப்படிப் பக்கம் கையைக் காட்டினாள்.

"அதுவும் தெரியல. வா, கேட்டுப் பாக்கலாம்."

அவள் இலையைக் கசக்கி மூக்கருகில் வைத்து முகர்ந்தாள். பிறகு என் மூக்கருகில் வைத்தாள். நானும் முகர்ந்தேன். மழைமண் வாசனைதான் வந்தது. இன்னொரு தடவை முகர்ந்தேன்.